100 எம்பிபிஎஸ் பிளான் போட்டாச்சு... கேம் மட்டும் ஏன் கட் ஆகுது?

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குப் பல வீடுகளில் கேட்பது ஒரே வசனம்தான். “டேய், நான் சுட்டுட்டேன்டா, அவன் சாகவே இல்ல!” அடுத்த நிமிடம், “அம்மா, யாரு நெட்டை ஆஃப் பண்ணது?” யாரும் ஆஃப் பண்ணவில்லை. ஹாலில் அப்பா பார்க்கும் படம் எங்கேயும் நிற்காமல் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கிறது. “படம் நல்லாத்தானே ஓடுது, உனக்கு மட்டும் என்ன?” என்கிறார் அவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால், வீட்டில் யாரிடமும் பதில் இருக்காது. மறுநாள் பிராட்பேண்ட் கம்பெனிக்கு போன் போட்டு 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக மாற்றுவார்கள். மாதக் கட்டணம் கூடும். அடுத்த சனிக்கிழமையும் அதே வசனம் கேட்கும்.

இதில் போவது பணம் மட்டுமில்லை. நான்கு பேர் டீமில் ஒருவர் மட்டும் அடிக்கடி கட் ஆனால், மூன்றாவது வாரம் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். கல்லூரி முடித்து ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போன நண்பர்களுக்கு இன்றைய திண்ணை இந்த கேம்தான். வெளிநாட்டுப் பேரனோடு லூடோ ஆடும் பாட்டிக்கும் அதேதான். அந்தத் திண்ணையில் தனக்கு மட்டும் இடம் இல்லை என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எம்பிபிஎஸ் என்பது ரோட்டின் அகலம். ஒரே நேரத்தில் எத்தனை லாரி போகலாம் என்பதை அது சொல்லும். கேமுக்குத் தேவை லாரி இல்லை, ஒரு சைக்கிள்காரர். ‘நான் இடது பக்கம் திரும்பினேன்’, ‘சுட்டேன்’ என்ற குட்டிக் குட்டிச் செய்திகளைத்தான் உங்கள் போன் அனுப்புகிறது. பெரும்பாலான கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ் கூட முழுதாகத் தேவைப்படாது. ஆனால், அந்தச் சைக்கிள்காரர் போய்ச் செய்தி சொல்லிவிட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் ஆட்டத்தையே முடிவு செய்யும். இந்த நேரத்துக்குப் பெயர் பிங். மில்லி செகண்டில் அளப்பார்கள். கேம் திரையின் மூலையில் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு எண் தெரியுமே, அதுதான்.

படம் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஓடிடி ஆப் அடுத்து வரப்போகும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் மூன்று செகண்ட் நெட் போனாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் எதையும் முன்கூட்டியே இறக்க முடியாது. எதிரி அடுத்து என்ன செய்வான் என்று எதிரிக்கே தெரியாதே!

பிங் சீராக 80 இருந்தால் கூட விளையாடிவிடலாம். கை பழகிவிடும். 30, 35, 32 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென 400-க்குத் தாவி மறுபடி 30-க்கு வந்தால்தான் ஆள் காற்றில் நடப்பதும், கதவைத் திறந்தபிறகு மறுபடி வெளியே நிற்பதும் நடக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஜிட்டர் என்கிறார்கள். போன செய்தி போய்ச் சேராமலே தொலைந்துவிடுவது பாக்கெட் லாஸ். 50-ஐ 100 ஆக்கினால் இவை இரண்டும் சரியாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ரோடு அகலமாகும், அவ்வளவுதான். ரோட்டில் உள்ள பள்ளம் அப்படியே இருக்கும்.

அப்படியானால் பள்ளம் எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளா, தெருவிலா, கேம் கம்பெனியிலா? இதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்தச் செலவும் வீண்தான். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ப்ளே ஸ்டோரில் பிங்டூல்ஸ் மாதிரி இலவச ஆப்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் இருந்தால் அதுவும் வேண்டாம், கமாண்ட் பிராம்ப்டே போதும். போனின் வைஃபை செட்டிங்ஸில், இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டால் ‘கேட்வே’ என்று ஓர் எண் வரும். பெரும்பாலும் 192.168-ல் தொடங்கும். அது உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி. முதலில் அதற்குப் பிங் அனுப்புங்கள். ரவுட்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது, பதில் சில மில்லி செகண்டில் வந்துவிட வேண்டும். அதுவே 100, 200 என்று தாவினால் வியாதி வீட்டுக்குள் இருக்கிறது. பிராட்பேண்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டர் வரை சுத்தமாக இருந்து, அடுத்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்குப் போகும்போது தாவினால் தெருவிலோ கம்பெனியிலோ கோளாறு. இரண்டும் சுத்தம், கேமில் மட்டும் தாவுகிறது என்றால் கேமின் சர்வர் அல்லது அதற்குப் போகும் பாதை. ஓரிரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். வழக்கமாக விளையாடும் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும்.

நிறைய வீடுகளில் இந்தச் சோதனை முதல் படியிலேயே தோற்றுவிடும். காரணம், ரவுட்டர் இருக்கும் இடம். கேபிள்காரர் எங்கே ஓட்டை போட வசதியோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார். வாசல் கதவுக்கு மேலே, டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் ஷூ ரேக்குக்குள்ளே. பிள்ளை விளையாடுவது இரண்டு சுவர் தாண்டிய கடைசி அறையில். ரவுட்டரில் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வைஃபை இருக்கும். 2.4 சுவரைத் தாண்டி ரொம்ப தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்றுதான். அபார்ட்மென்ட்டில் இருபது வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றில்தான் அடித்துக்கொள்கின்றன. ப்ளூடூத் ஹெட்போனும் மைக்ரோவேவ் அவனும் கூட அதே அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. அம்மா சாதம் சூடு பண்ணும்போது மட்டும் கேம் திணறுவது கற்பனை இல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் சுவருக்குப் பயப்படும். எனவே ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து 5-ல் விளையாடிப் பாருங்கள். பைசா செலவில்லாத வைத்தியம் இது.

அது முடியாவிட்டால் லேன் கேபிள். லேப்டாப்பில் மட்டுமில்லை, டைப்-சி போனிலும் ஈதர்நெட் அடாப்டர் போட்டுக் கேபிள் செருகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான புது போன்களில் வேலை செய்யும். பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் வைஃபை தகராறு மொத்தமும் தீர்ந்துவிடும். கொம்பு கொம்பாக எட்டு ஆன்டெனாவோடு விற்கும் கேமிங் ரவுட்டரை வாங்க ஓடுவதற்கு முன் இந்தக் கேபிளை முயன்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

ரவுட்டர் வரை எல்லாம் சரி, ஆனாலும் சில நேரம் மட்டும் பிங் தாவுகிறதா? வீட்டில் அந்த நேரத்தில் யாரோ எதையோ அப்லோடு செய்துகொண்டிருக்கலாம். கல்யாணத்துக்குப் போய்வந்த அம்மாவின் போன், வைஃபை கிடைத்ததும் 300 போட்டோவையும் கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். வாசல் கேமரா இருந்தால் அது நாள் முழுக்க ஏற்றிக்கொண்டிருக்கும். ரவுட்டர் இந்தப் பெரிய மூட்டைகளை வரிசையில் நிற்கவைக்கிறது. பாவம், நம் சைக்கிள்காரரும் அதே வரிசையின் கடைசியில் நிற்கிறார். ஸ்பீடு டெஸ்ட் எடுக்கும்போது டவுன்லோடு, அப்லோடு எண்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஊக்லாவின் ஸ்பீடுடெஸ்ட் ஆப், சும்மா இருக்கும்போது பிங் எவ்வளவு, டவுன்லோடின்போது எவ்வளவு, அப்லோடின்போது எவ்வளவு என்று மூன்று எண்கள் தருகிறது. முதல் எண் 10, மூன்றாவது 300 என்றால் குற்றவாளி பிடிபட்டார். போட்டோ பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள். ரவுட்டர் செட்டிங்ஸில் க்யூஓஎஸ் இருந்தால் கேம் விளையாடும் போனுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

மொபைல் டேட்டாவில் விளையாடுபவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் கையில் இரட்டை சிம். ஒரு சிம்மில் டேட்டா ஓடும்போது மற்ற சிம்முக்குக் கால் வந்தால், பல போன்களில் டேட்டா அப்படியே நின்றுவிடும். கடைசி ரவுண்டில் லோன் வேண்டுமா என்று கேட்டு ஒருவர் கூப்பிட, ஆட்டம் காலி. எந்த நம்பருக்கு அதிகம் கால் வருமோ, அதே சிம்மின் டேட்டாவில் விளையாடுவது நல்லது. வோல்டி இருந்தால் பேசும்போதும் அந்த சிம்மின் டேட்டா நிற்காது. அல்லது ஆட்டம் முடியும்வரை இன்னொரு சிம்மை அணைத்துவைக்கலாம். 5ஜி ஒரு புள்ளி, இரண்டு புள்ளி காட்டும் இடங்களில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு திணறல். செட்டிங்ஸில் 4ஜி மட்டும் என்று வைத்துவிட்டால் ஸ்பீடு குறையும், ஆட்டம் நிதானமாகும்.

நண்பன் வீட்டுக் கதவு ஏன் திறப்பதில்லை?

இதுவரை சொன்னதெல்லாம் பிஜிஎம்ஐ, லூடோ கிங் போன்ற கேம்களுக்குப் பொருந்தும். அவற்றில் எல்லோரும் போய்ச் சேருவது கம்பெனியின் சர்வரில். மைன்கிராஃப்ட் அப்படி இல்லை. அதில் ஒரு நண்பர் தன் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஓர் உலகத்தைக் கட்டித் திறந்துவைக்க, மற்றவர்கள் அதற்குள் போகிறார்கள். அந்த நண்பரின் வீடே சர்வர். அவர் தூங்கப் போனால் உலகமும் தூங்கிவிடும். இங்கே வரும் பிரச்னை பிங் இல்லை. ‘உலகத்துடன் இணைய முடியவில்லை’ என்று ஒரே ஒரு வரி வரும். நான்கு பேரும் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள்.

முதலில் எளிய காரணங்களைப் பார்த்துவிடலாம். மைன்கிராஃப்டில் ஜாவா, பெட்ராக் என இரண்டு பதிப்புகள் உண்டு. போனில் இருப்பது பெட்ராக். கம்ப்யூட்டரில் ஜாவா வைத்திருக்கும் நண்பரின் உலகத்துக்குள் போன்காரர் நேரடியாகப் போக முடியாது. எவ்வளவு முட்டினாலும் கதவு திறக்காது. அடுத்தது அப்டேட். ப்ளே ஸ்டோரில் ஒரு புது அப்டேட் எல்லோருக்கும் ஒரே நாளில் வராமல், படிப்படியாகவும் வரலாம். ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராத அந்த இடைவெளியில் இருவரும் சேர முடியாது. மொபைல் டேட்டாவில் இருப்பவர், கேமின் செட்டிங்ஸில் செல்லுலார் டேட்டாவுக்கான அனுமதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனின் தேதி, நேரம் தவறாக இருந்தாலும் லாகின் நடக்காது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இதில் இருக்கிறது. பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கொடுத்துத் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் கணக்கில், மற்றவர்களோடு சேர்ந்து விளையாடும் வசதி பூட்டப்பட்டிருக்கலாம். இது நெட் கோளாறு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. அப்பாவோ அம்மாவோ தங்கள் கணக்கில் நுழைந்து, எக்ஸ்பாக்ஸ் பிரைவசி பக்கத்தில் அனுமதி கொடுத்தால் திறந்துவிடும். கொடுக்கலாமா என்பது உங்கள் முடிவு. ஆனால், என்னவென்றே கேட்காமல் “நெட்டு சரியில்ல, போய்ப் படி” என்று அனுப்பிவிட்டால், பிள்ளை பிறந்த வருடத்தை மாற்றிப்போட்டுப் புதுக் கணக்கு தொடங்கும் சாத்தியம் அதிகம். அப்புறம் பூட்டும் கிடையாது, உங்களுக்குத் தகவலும் கிடையாது.

ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இருக்கும் அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் உலகம் ஒருவருக்குத் தெரியவில்லை என்கிறார்களா? ஒருவர் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறாரா என்று பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருப்பவர்கள் மற்றவர்களின் கருவிகளைப் பார்க்க முடியாதபடி பிரித்துவைப்பதுதான் ரவுட்டரின் வேலை. ஹாஸ்டல், பிஜி வைஃபைகளிலும் பல இடங்களில் இதே கதைதான். ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றவர்கள் அதில் இணைந்தால் தீர்ந்தது.

இனி பெரிய காரணம். கம்ப்யூட்டரில் ஜாவா பதிப்பின் சர்வரைத் தொடங்கி, யூடியூப் பார்த்து ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு, எல்லாம் சொன்னபடி செய்தும் வெளியூர் நண்பரால் உள்ளே வர முடியவில்லை. இதில் வாரக்கணக்கில் தலையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. செய்த வேலையில் தவறே இருக்காது. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4-ல் மொத்தம் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்தில் உள்ள போன், டிவி, கேமரா அத்தனைக்கும் அது போதாது. அதனால் பல பிராட்பேண்ட், மொபைல் கம்பெனிகள் ஏராளமான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதன் பெயர் சிஜிநாட்.

பெரிய அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் ஒரே ஒரு வாட்ச்மேன். நீங்கள் உள்ளிருந்து ஆர்டர் செய்த பார்சல் வந்தால், யார் ஆர்டர் செய்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும், மேலே அனுப்பிவிடுவார். யூடியூபும் வாட்ஸ்அப்பும் வேலை செய்வது அதனால்தான். ஆனால், கதவு எண் தெரியாமல் அபார்ட்மென்ட் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு ஒரு விருந்தாளி வந்து நின்றால், யார் வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் வீட்டுக் கதவை, அதாவது போர்ட்டை, எவ்வளவு அகலமாகத் திறந்துவைத்தாலும் கேட்டைத் தாண்டாமல் யாரும் வர முடியாது. கேட் உங்களுடையது இல்லை, கம்பெனியுடையது.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடினால் வரும் ஐபிவி4 எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்றால் கேட் இல்லை. வேறு வேறு என்றால் நடுவில் இன்னொரு கேட் இருக்கிறது. ரவுட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் அது சிஜிநாட்டுக்கென்றே 2012-ல் ஒதுக்கிய முகவரி வரிசை. 192.168 என்று வந்தால், கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் இன்னொரு ரவுட்டரை மாட்டியிருக்கலாம். அப்போது உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றினால் ஒரு கேட் குறையும்.

சிஜிநாட் என்று தெரிந்துவிட்டால் ரவுட்டரோடு போராடுவதை நிறுத்திவிடலாம். கேட் இல்லாத வீட்டு நண்பர் யாராவது உலகத்தைத் திறக்கட்டும். பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே போதும். இல்லையென்றால் கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி கேட்கலாம், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் டெயில்ஸ்கேல், ஜீரோடயர், ஹமாச்சி போன்ற மென்பொருள்களால் தூரத்தில் இருந்தும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பதுபோல இணையலாம். இவை உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திப்பவை என்பதால் வாட்ச்மேன் தடுப்பதில்லை. போன் மட்டுமே வைத்திருக்கும் குழுவுக்கு இரண்டு வழி உண்டு. மைன்கிராஃப்டின் சொந்த ரெல்ம்ஸுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஏட்டர்னோஸ் போன்ற தளம் இலவசம், ஆனால் கூட்ட நேரத்தில் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வழி தவறுவது. இணையத்தில் தேடினால் ‘ரவுட்டரில் டிஎம்இசட் ஆன் பண்ணு, ஃபயர்வாலை ஆஃப் பண்ணு’ என்று ஒருவர் சொல்வார். டிஎம்இசட் என்றால் ஒரு கதவு மட்டுமில்லை, அந்தக் கம்ப்யூட்டரின் எல்லாக் கதவுகளையும் தெருவுக்குத் திறப்பது. ‘லேக் ஃபிக்ஸ்’, ‘பிங் பூஸ்டர்’ என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்புவார் இன்னொருவர். ஸ்கிரீனைப் பகிரும் ஆப் போடச் சொல்லி ‘நானே சரிபண்ணித் தரேன்’ என்பார் கேமில் போன வாரம் அறிமுகமான ஒரு ‘அண்ணா’. அந்த போனில்தான் அப்பாவின் யூபிஐ இருக்கும். நண்பர்களோடு சேரத் துடிக்கும் பிள்ளை இதில் எதையும் யோசிக்காது. எந்தப் பூஸ்டராலும் தூரத்தைக் குறைக்க முடியாது என்பதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

தூரம் என்பது நிஜமாகவே தூரம்தான். ஃபைபர் கேபிளில் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், போய்வர 10 மில்லி செகண்ட். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், போய்வர 30 மில்லி செகண்டுக்கு அருகில். டொரன்டோ 13,000 கிலோமீட்டரைத் தாண்டும், 130-க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ கருவிகள் உண்டு என்பதால் நிஜத்தில் 200-ஐத் தாண்டிவிடும். கடலடிக் கேபிள் அறுந்தால் இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே கேபிள்கள் சேதமானபோது, போக்குவரத்து சுற்றுப்பாதையில் திருப்பிவிடப்பட்டதால் இந்தியா உட்படப் பல நாடுகளில் இணையம் மெதுவானது. அந்த வாரம் தன் ரவுட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டவர்கள் செய்த பாவம் ஒன்றுமில்லை.

எனவே நண்பர்களில் ஒருவர் கனடாவிலும் மூவர் தமிழ்நாட்டிலும் இருந்தால், சர்வர் எங்கே என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. பல கேம்களில் சர்வர் பகுதியைத் தேர்ந்தெடுக்க முடியும். மும்பையை எடுத்தால் மூவருக்குச் சுகம், ஒருவருக்கு வேதனை. துப்பாக்கிச் சண்டைக்கு இது சரிவராது. ஆனால் லூடோ, செஸ், வார்த்தை விளையாட்டு போல முறை வைத்து ஆடும் கேம்களில் 250 மில்லி செகண்ட் யாருக்கும் தெரியவே தெரியாது. மைன்கிராஃப்டில் வீடு கட்டுவதற்கும் பெரிய தொந்தரவில்லை.

கோளாறு தெருவில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், கஸ்டமர் கேரிடம் ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லாதீர்கள். அவர் ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொல்வார், 100 வரும், புகார் முடிந்தது. ‘ரவுட்டர் வரை 3 மில்லி செகண்ட், அதற்கப்புறம் தினமும் இரவு 9 முதல் 11 வரை 300-க்குத் தாவுகிறது, கேபிள் போட்டும் அதேதான்’ என்று சொல்லி, மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட்டை நேரத்தோடு அனுப்புங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் சுத்தமாக இருந்து இரவில் மட்டும் தாவினால், உங்கள் பகுதியின் இணைப்பில் கூட்டம் அதிகம் என்று பொருள். அதை அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். அதுவரை கேமை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிம்மதியாக விளையாடுகிறார்கள்.